கிள்ளானுக்குப் பிள்ளை காட்டப் போனோம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஏழு பெற்றேன், ஐந்து தங்கியது. தங்கை செத்தபோது அவள் பிள்ளைகள் இரண்டும் என் இடுப்புக்கு வந்து சேர்ந்தன. ஆக வளர்த்தது ஏழுதான். ஒருவரும் அடுத்த வீட்டு வாசலில் சோற்றுக்கு நின்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பிறர் சொல்வார்கள் என்று காத்திருந்தால் நான் செத்த பிறகுதான் சொல்வார்கள்.

எழுத்து எனக்குத் தாமதமாக வந்தது. பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவதைப் பார்த்து அடுப்படித் தரையில் கரியால் எழுதிப் பழகினேன். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரப்படுகிறவர்கள் வேறு எதையாவது வாசிக்கலாம்.

சொல்ல வந்தது, என் மூத்த மகன் தன் மூத்த பிள்ளையை அமெரிக்காவில் ஒரு பெரிய சர்வகலாசாலைக்கு அனுப்பப் பார்த்த கதை. பையன் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனானா போகவில்லையா என்று யாரும் நகத்தைக் கடிக்க வேண்டாம். போகாததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போகப் பார்த்ததில்தான் எல்லாம் கெட்டது.

என் வீட்டுக்காரர் மலாயாவுக்கு வந்து கிள்ளான் ரயில் பாதையில் கல் கொட்டியவர். அவர் கொட்டிய கல்லின்மேல் ஓடிய ரயிலில் போய்த்தான் என் மகன் இங்கிலீஷ் படித்தான். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியானான், பிறகு பெரிய கிராணியானான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வீடு, முன்னால் குரோட்டன் செடி, உள்ளே பிரம்பு நாற்காலி. பெரிய கிராணி ஆனதிலிருந்து அவனுக்குக் கழுத்து திரும்புவது குறைந்துவிட்டது. யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் பார்ப்பான்.

அவன் மூத்த பிள்ளை வேறு மாதிரி. அதிகம் பேசமாட்டான், ஆனால் கை சும்மா இருக்காது. என் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் சுடுநீர் வைத்துக் கழுவி, துணி மாற்றிக் கட்டுவான். முகம் சுளிக்க மாட்டான். "அப்பாயி, இன்னிக்கு ஓரம் செவப்பு கொறஞ்சிருக்கு" என்று சொல்லும்போது, ஏதோ அவனுக்கே சம்பளம் உயர்ந்த மாதிரி மகிழ்வான். அவன் என்னவாக வேண்டும் என்பதை ஒருவரும் கேட்கத் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

பையன் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் நன்றாகத் தேறினான். அவன் படித்தது ஓர் அமெரிக்கப் பாதிரி நடத்திய பள்ளி. அந்தப் பாதிரி மேசையில் கிடந்த பத்திரிகை ஒன்றில் என் மகன் ஓர் அமெரிக்க சர்வகலாசாலையின் படத்தைப் பார்த்துவிட்டான். செங்கல் கட்டடம், சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் அப்படிப் படர்ந்தால் ரயில்வேக்காரன் வந்து அபராதம் போடுவான். அங்கே அதற்குப் பெயர் பெருமை.

லண்டனுக்குப் படிக்கப் போனவர்கள் கோலாலம்பூரில் ஏற்கெனவே இருந்தார்கள். வக்கீல் மகன் போனான், பெரிய முதலாளி மகன் போனான். அமெரிக்காவுக்குப் போனவன் எங்கள் பக்கத்தில் ஒருவனும் இல்லை. அதுதான் என் மகனுக்கு வேண்டியிருந்தது. பிள்ளை என்ன படிப்பான் என்பது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம். எங்கே படிக்கிறான் என்று ஆபீசில் கேட்கும்போது வாய் நிறையச் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

எழுதிப் போட்டான். கப்பலில் ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. மாலையில் கூடத்தில் உட்கார்ந்து, கோயிலில் புராணம் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு கேள்வியாக வாசித்துத் தமிழில் சொன்னான். அப்பன் எங்கே பிறந்தான், என்ன படித்தான்? அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? என்ன மதம்? என்ன நிறம்? உன் வீட்டில் யாராவது முன்பு இதே இடத்தில் படித்ததுண்டா? ஒரு படமும் வைத்து அனுப்பு.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நான் பேசி முடித்த கல்யாணங்கள் ஒரு கோயில் மண்டபத்தை நிறைக்கும். இந்தக் கேள்விகள் எனக்குப் புதிதில்லை.

"ஏன்டா, பையன் என்ன மார்க் வாங்கினான்னு அவன் கேக்கவே இல்லியா?"

"அதுவும் கேட்டிருக்கான்மா. அது ரெண்டாம் பக்கத்துல இருக்கு."

"மொதப் பக்கம் குலம் கோத்திரம், ரெண்டாம் பக்கம்தான் படிப்பு. இது பொண்ணு கேக்குற காயிதம்டா."

"ஒனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"புரியாதுதான். அப்பாவோட அப்பா என்ன செஞ்சாருன்னு கேட்டிருக்கானா? அதுக்கு என்ன எழுதினே?"

அவன் பாரத்தை மடித்தான். பையன்தான் மெல்லச் சொன்னான்: "ரயில்வே எஞ்சினியரிங் பகுதின்னு எழுதியிருக்காங்க, அப்பாயி."

வெயிலில் கல் கொட்டிச் செத்த மனுஷன், செத்த பிறகு எஞ்சினியரானார். நான் சிரித்த சிரிப்பில் கீரை மடியிலிருந்து கொட்டிவிட்டது. என் மகன் எழுந்து உள்ளே போனான்.

படத்துக்குக் கல்யாணப் படம் எடுக்கிற கடைக்கே கூட்டிப்போனான். அந்தக் கடைக்காரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வருகிறவனைச் சிவப்பாக்குவது. முகத்தில் பவுடரை அப்பி எடுத்தான். அப்புறம் படத்தின் மேலேயும் தடவினான். வந்த படத்தைப் பார்த்து என் மருமகள், "இது யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டாள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தப் படம்தான் கடல் தாண்டிப் போனது.

மாதங்கள் ஓடின. ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன.

முதலாவது சிங்கப்பூரிலிருந்து. பாதிரி சொல்லி அங்கே டாக்டர் படிப்புக்கும் பையன் எழுதிப் போட்டிருந்தான். இடம் கிடைத்துவிட்டது. செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்கும். மாதக் கடைசிக்குள் தகப்பன் கையெழுத்துப் போட்டு, வருகிறோம் என்று பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்து நிற்கிறவனுக்குப் போய்விடும்.

இரண்டாவது அமெரிக்காவிலிருந்து. இடம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் சர்வகலாசாலையில் முன்பு படித்த ஒருவர் கிள்ளானில் ரப்பர் வாங்கும் கம்பெனியில் இருக்கிறார், பையனை அவரிடம் அனுப்புங்கள், அவர் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுவார் என்று இருந்தது. இவ்வளவுதான். அதற்கு என் மகன் ஏதோ கப்பல் டிக்கெட்டே வந்துவிட்ட மாதிரி, ஆபீசில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

பாதிரி அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன். இந்தக் கதையில் நான் திட்டாத ஒரே வெள்ளைக்காரன். அவர் என் மகனிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். பேசியதை என் மகன் எங்களுக்குத் தமிழில் சொன்னான்: "முயற்சி பண்ணலாம்னு சொல்றாரு. நல்ல வாய்ப்புன்னு சொல்றாரு."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நல்ல வாய்ப்பு என்று சொல்கிறவன் தலையை அப்படி இரண்டு பக்கமும் ஆட்டமாட்டான். நான் பாதிரியிடம் மலாயில் கேட்டேன். பாசாரில் மீன்காரனோடு பேசுகிற மலாய்தான், அவருக்கும் அதே மலாய்தான் தெரியும்.

"சுசா, நேனே," என்றார். கஷ்டம், பாட்டி. "சுசா சக்காலி." ரொம்பவே கஷ்டம்.

பிறகு நிறுத்தி நிறுத்தி எனக்குப் புரியும்படி சொன்னார். அங்கே படித்தவர்களின் பிள்ளைகள் முதலில். பணம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அடுத்து. பந்து விளையாடத் தெரிந்தவர்களும் பெரிய பள்ளிகளிலிருந்து வந்தவர்களும் அதற்கு அப்புறம். வெளிதேசத்துப் பிள்ளைக்கு மிஞ்சும் இடம் கைவிரல் எண்ணிக்கைக்கும் குறைவு. அதற்குச் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ராஜா வீட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். தானே அமெரிக்காவில் பிறந்தும் தனக்கு அந்த வாசல் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "சிங்கப்பூர் பாகூஸ்," என்றார். சிங்கப்பூர் நல்லது.

அவர் போன பிறகு மகனைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு சொன்னது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு. ஏன்டா?"

"அவரு சாதாரணப் பாதிரிம்மா. அவருக்குப் பெரிய எடத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"அந்த ஊர்க்காரருக்குத் தெரியாதது, பிரிக்பீல்ட்ஸ் கிராணிக்குத் தெரியுமா?"

"யானை வாங்கப் போறவன் வழியில ஆட்டுக்குட்டிக்கு வெல பேச மாட்டான்."

"ஆட்டுக்குட்டி கையில இருக்குடா. யானை எங்க இருக்கு?"

இதற்கு அவன் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். பெரிய கிராணிகளுக்கு இந்த வசதி உண்டு.

கடிதத்தில், பையனை அனுப்புங்கள் என்றுதான் இருந்தது. பையனை. என் மகன் அதை எங்கள் வழக்கப்படி புரிந்துகொண்டான். நல்ல இடத்திலிருந்து பார்க்கிறோம் என்றால் குடும்பம் போக வேண்டும், தாய்மாமன் வர வேண்டும், தட்டு எடுக்க வேண்டும். மருமகளின் அண்ணன் கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தான், அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பையன், அப்பன், அம்மா, மாமன் என்று நாலு பேர் ஆயிற்று. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில் போகக் கூடாது. அதனால் என்னையும் கூப்பிட்டான். கூப்பிட்ட வாயாலேயே, "அம்மா, நீ கொஞ்சம் பின்னால வா. மொதல்ல ஒம்மூஞ்சி தெரிய வேணாம்" என்றான்.

நான் தாலி அறுத்தவள். எண்ணிக்கைக்கு வேண்டும், கண்ணுக்கு வேண்டாம். அமெரிக்காக்காரனுக்கு விதவை முகத்தில் விழித்தால் ஆகாது என்று இவனுக்கு யார் சொன்னது? ஆனாலும் போனேன். பையனை இந்தப் பைத்தியங்களோடு தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

ரயில்வே பாஸில் கிள்ளானுக்குப் போனோம். மருமகள் பட்டு கட்டியிருந்தாள். பையனுக்குக் கழுத்து வரை பித்தான் போட்ட கோட்டு. பாதி வழியிலேயே முதுகு நனைந்துவிட்டது. மாமன் ஸ்டேஷனில் லட்டுத் தட்டோடு நின்றான். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் எலுமிச்சம்பழம்.

"மாப்ள, நீ வாயத் தொறக்காத," என்று மாமன் பையனிடம் சொன்னான். "கேக்குறதுக்கு நாங்க பதில் சொல்லிக்கிறோம். நீ அடக்கமா நின்னாப் போதும். அவன் பாக்கறது அடக்கத்ததான்."

கம்பெனி ஆற்றுப் பக்கம் இருந்தது. கீழே கிடங்கு முழுக்க ரப்பர் ஷீட், அந்தப் புளித்த நாற்றம் மாடி வரைக்கும். அமெரிக்காக்காரன் மேலே உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்றா சொன்னேன்? மேசைமேல் ஏறி, காலைத் தொங்கப் போட்டிருந்தான். சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான். முப்பது வயது இருக்கும். நாங்கள் வரிசையாக உள்ளே நுழைந்ததும் ஜன்னலை எட்டிப் பார்த்தான். இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்திருப்பான்.

தட்டை நீட்டினார்கள். லட்டு ஒன்றை எடுத்துத் தின்றான், எலுமிச்சம்பழத்தை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். மேசையில் அந்தப் பவுடர் படம் கிடந்தது. அதைப் பார்த்தான், பையனைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். என் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பையனுக்கு நாற்காலியைக் காட்டினான். பையன் உட்காரவில்லை. அப்பன் எதிரில் அவன் எப்போது உட்கார்ந்தான், இப்போது உட்கார? மறுபடி காட்டினான். பையன் சிரித்துக்கொண்டு நின்றான். அப்பன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள இங்கிலீஷ் தேவையில்லை. நான் கதவோரம் நின்று பார்த்தேன். அமெரிக்காக்காரன் பையனைப் பார்த்துக் கேட்பான், பதில் நாற்காலியிலிருந்து வரும். இன்னும் கொஞ்சம் பையன் பக்கம் சாய்ந்து கேட்பான், பதில் மறுபடி நாற்காலியிலிருந்து வரும். ஒருமுறை இறங்கி வந்து, பையனுக்கும் அப்பனுக்கும் நடுவில் நின்று, முதுகை அப்பனுக்குக் காட்டிக்கொண்டு கேட்டான். அப்போதும் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து என் மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். பையன் தரையைப் பார்த்தான். மாமன் எல்லாவற்றுக்கும் "யெஸ் சார், யெஸ் சார்" என்று தாளம் போட்டான்.

கடைசியில் அமெரிக்காக்காரன் எல்லாருக்கும் கை கொடுத்தான். கதவோரம் நின்ற எனக்கும் கொடுத்தான். என்னமோ சொன்னான்.

படியிறங்கும்போதே என் மகனுக்குக் கால் தரையில் இல்லை. "ரொம்ப நல்ல குடும்பம்னு சொன்னாரு! நான் எழுதறேன்னு சொன்னாரு!"

"பழமாயிருச்சு மச்சான்!" என்றான் மாமன்.

ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன சம்பந்திகளை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெண் பிடித்தவன் குடும்பத்தைப் புகழ மாட்டான். பூ வைக்க நாள் கேட்பான்.

திரும்பும் ரயிலில் அப்பனும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றினான்.

"என்னடா கேட்டான் அவன்?"

"என்னென்னவோ கேட்டாரு அப்பாயி. கடைசியா என்ன புத்தகம் படிச்சே, எது புடிக்கல, வீட்டுல யார்கூட சண்ட போடுவேன்னு."

"சண்டயா? அதுக்கு ஒங்கப்பன் என்ன சொன்னான்?"

"எங்க வீட்டுல சண்டயே கெடையாதுன்னாங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவனுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அடங்கிவிட்டான்.

"கணக்குப் படிக்கப் போறியா, டாக்டருக்குப் படிக்கப் போறியான்னு கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"அப்பா கணக்குன்னு சொன்னாங்க."

"நான் ஒன்னையக் கேக்குறேன்."

"டாக்டரு," என்றான், ரயில் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி.

"அத யார்கிட்ட சொன்னே?"

"ஒங்ககிட்டதான், அப்பாயி."

அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சத்தம் ரயில்வே வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும். சிங்கப்பூருக்குக் கையெழுத்துப் போடு, அமெரிக்கா வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு கிராணிக்கு இதுகூடத் தோன்றாதா? தோன்றவில்லை. பெரிய இடத்தில் சம்பந்தம் முடியப்போகிறது என்றால், சின்ன இடத்துக்கு மரியாதையாகச் சொல்லிவிடுவதுதான் முறையாம். இரண்டு இடத்தில் தாம்பூலம் மாற்றுகிற குடும்பமா நாம் என்று என்னையே கேட்டான். பையன் சுவரோரம் நின்றான். "அப்பா" என்று ஒருமுறை ஆரம்பித்தான். அப்பன் உடம்பைத் திருப்பிப் பார்த்தான். அவ்வளவுதான், வாய் மூடிவிட்டது.

நன்றி, எங்களுக்கு வேண்டாம் என்று சிங்கப்பூருக்கு எழுதினான். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் இன்னொன்று எழுதியிருப்பான். கிராணி வீட்டில் காகிதத்துக்கா பஞ்சம்?

அடுத்து நின்றவன் எங்கள் பின்வரிசையில் இருந்த பாயிண்ட்ஸ்மேன் மகன். தண்டவாளம் மாற்றிவிடுகிறவரின் பிள்ளை, எங்கள் பையனோடு படித்தவன்தான். அவன் அம்மா பின்பக்கமாக வந்து முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நெசமாவே வேணாம்னுட்டீங்களா?"

"வேணாம்னு எழுதியாச்சு."

"எங்க வீட்டுக்காரரு பயப்படறாரு. பெரிய கிராணி புள்ளயோட எடம், நாம எடுத்துக்கிட்டா நாளைக்கு வேலையில ஏதாச்சும் வந்துருமோங்கறாரு."

"கீழ விழுந்த மாம்பழத்த யாரு எடுத்தா என்ன? மண்ணத் தொடச்சுட்டுத் தின்னச் சொல்லு."

அவள் அழுதாள். நான் அவளுக்குக் கொஞ்சம் சீனி கொடுத்தனுப்பினேன். வாயில் போட வேறு இனிப்பு வீட்டில் இல்லை, லட்டு எல்லாம் அமெரிக்காக்காரனுக்குப் போய்விட்டது.

அமெரிக்காவிலிருந்து பதில் வந்தபோது நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆபீசுக்குப் பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தான், அதிலேயே தெரிந்துவிட்டது. ஊரில் கேட்டவர்களிடம், "அங்க குளுரு ஜாஸ்தி. பையன் ஒடம்புக்கு ஒத்துக்காது. நாங்களே வேணாம்னுட்டோம்" என்று சொன்னான். பனி கொட்டுகிற ஊர் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

பாதிரிதான் எனக்கு மிச்சத்தைச் சொன்னார். கிள்ளான் அமெரிக்காக்காரன் அவருக்குப் பழக்கமாம். பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம், ஆனால் அவன் குரலை நான் கேட்கவே இல்லை என்று எழுதிவிட்டானாம். தகப்பனுக்கு வயது மட்டும் குறைவாக இருந்தால் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன் என்று கிளப்பில் சொல்லிச் சிரித்தானாம். நானும் சிரித்தேன். பிறகு அவன்மேல் கோபம் வந்தது. எங்கள் வீட்டுப் பைத்தியத்தைப் பார்த்து நான் சிரிக்கலாம். ரப்பர் நாற்றத்தில் மேசைமேல் உட்கார்ந்து லட்டுத் தின்றவன் சிரிப்பதற்கு என்ன உரிமை? அடக்கமாக நின்ற பிள்ளையை ஊமை என்று எழுத அவனுக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. அந்த அமெரிக்காக்காரனின் அப்பனும் அதே சர்வகலாசாலையில் படித்தவனாம். அவனை யார் கூப்பிட்டு, உன் குரலைக் காட்டு என்று கேட்டார்கள்?

பையன் பேசியிருந்தால் மட்டும் கிடைத்திருக்குமா? இந்தக் கேள்வியை என் மகன் இன்றைக்கும் கேட்பான், தப்பு தன்னுடையது இல்லை என்று காட்ட. கிடைத்திருக்காது. எனக்குத் தெரியும். வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் பந்தியில் இலை போட்டுவிட்டு, மிச்சமுள்ள ஒற்றை இலைக்கு உலகம் முழுக்கத் தண்டோரா போடுகிற பந்தி அது. அந்தத் தண்டோராவைக் கேட்டு, அடுப்பில் இருந்த சோற்றைக் கொட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய் வாசலில் நின்றவனைத்தான் நான் பேசுகிறேன். இலை போடாதவனை எத்தனை நேரம் திட்டுவது? அவனுக்கு நாம் யாரோ.

அடுத்த வருஷம் பையன் சிங்கப்பூருக்கு மறுபடி எழுதினான். இந்த முறை அப்பன் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். அதற்குள் ரப்பர் விலை விழுந்தது. ரயில்வேயிலேயே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசாங்கம் கையை மூடிக்கொண்டது. இடம் உண்டு, உதவி இல்லை என்றார்கள். அப்பன் சம்பளத்தையும் வெட்டிவிட்டார்கள்.

இன்று அவன் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருக்கிறான். புண் கழுவுகிறான், மருந்து கலக்குகிறான், பிரசவம் பார்க்கிறான். தோட்டத்து ஜனங்கள் அவனைத்தான் டாக்டர் என்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் கிள்ளானிலிருந்து நிஜ டாக்டர் காரில் வருவார். அது பாயிண்ட்ஸ்மேன் மகன். நல்ல பிள்ளை, ஒருநாளும் இவனை ஏவியதில்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொல்வானாம். இவன் உட்கார மாட்டானாம். நின்றுகொண்டே "சார்" என்பானாம். நான் ஒருமுறை போயிருந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். கூடப் படித்தவனை ஏன்டா சார் என்கிறாய் என்று கேட்டதற்கு, "அவன் டாக்டரு, அப்பாயி" என்றான். 

இதையெல்லாம் நான் ஏன் இப்போது உட்கார்ந்து எழுதினேன் என்றால், போன வாரம் என் மகன் ஒரு தடித்த உறையை மேசையில் வைத்தான். அவன் கடைசிப் பிள்ளையும் இந்த வருஷம் பரீட்சை தேறிவிட்டான். அவனுக்குச் சர்வே ஆபீசில் வேலை பழக ஓர் இடம் தயாராக இருக்கிறது. நிலம் அளப்பதுதான் அவனுக்குப் பிடிக்கும், எங்கே போனாலும் கயிற்றோடுதான் போவான். அப்பனோ உறையைத் தட்டிக்கொண்டு, "இந்தத் தடவ வேற சர்வகலாசாலைம்மா. இது அதவிடப் பெருசு" என்கிறான். கிள்ளானில் அதற்கும் ஒரு பழைய மாணவன் இருக்கிறானாம். தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்றாம்.

என்னைக் கூப்பிட்டால் போகமாட்டேன். எண்ணிக்கைக்கு வேறு யாரையாவது பிடிக்கட்டும்.

சின்னவனே, இங்கே வா. அளந்தது போதும், கயிற்றைக் கீழே வை. என் எழுத்து கோணலாக இருக்கும், பார்த்து வாசி. கூடத்துக்குப் போ, உன் அப்பன் அங்கேதான் பத்திரிகை விரித்துக்கொண்டிருக்கிறான். அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முதல் வரியிலிருந்து எனக்குக் கேட்கும்படி சத்தமாக வாசி. நடுவில் அவன் பேசுவான். பேசட்டும், நீ நிறுத்தாதே.